நெருக்கப் படங்களுக்கு எந்த ஃபோகஸிங் ஸ்க்ரீன்?

கேள்வி: ஃபிலிம் எஸ்எல்ஆரில் எஃப்/4 மேக்ரோ லென்ஸ் போட்டுப் பூச்சிகளை எடுக்கிறேன். மிக அருகே போனால் வியூஃபைண்டரின் நடுவட்டத்தில் பாதி கறுத்துவிடுகிறது. லென்ஸ் கெட்டுவிட்டதா? வேறு ஸ்க்ரீன் (வியூஃபைண்டரில் பிம்பம் விழும் தகடு) மாற்றலாமா?

பதில்: லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்க்ரீனை மட்டும் மாற்றுங்கள்.

அந்த நடுவட்டத்தில் எதிரெதிராகச் சாய்ந்த இரண்டு குட்டிப் பட்டகங்கள் உள்ளன. லென்ஸின் இரு ஓரங்களிலிருந்து வரும் ஒளியை வைத்துத்தான் அவை பிம்பத்தைப் பிளந்து காட்டுகின்றன. லென்ஸின் துளை சுருங்கினால், அதாவது எஃப் எண் கூடினால், ஓரத்து ஒளி வராது. ஒரு பாதி இருண்டுவிடும். எஃப்/5.6 வாக்கிலேயே பெரும்பாலும் இது தொடங்கிவிடும். பூச்சியின் பிம்பம் அதன் அசல் அளவிலேயே ஃபிலிமில் விழும் தூரத்தில் உங்கள் எஃப்/4, நடைமுறையில் எஃப்/8 ஆகிவிடுகிறது. பிறகு எப்படித் தெரியும்? அதைச் சுற்றியுள்ள, நுண்பட்டகங்கள் நிறைந்த மைக்ரோபிரிசம் வளையத்துக்கும் இதே கதிதான்.

என் தேர்வு, நடுவில் எதுவும் இல்லாத, கட்டக் கோடுகள் போட்ட மேட் (சொரசொரப்பான பரப்புள்ள) ஸ்க்ரீன். நிக்கான் எஃப்3 போன்ற கேமராக்களுக்கு இது 'இ' என்ற எழுத்தில் கிடைக்கும். கறுக்கும் வட்டம் இல்லை. பூச்சியின் கண் சட்டத்தின் எந்த மூலையில் இருந்தாலும் அங்கேயே கூர்மை பார்க்கலாம். நெருக்கப் படத்தில் கண் நடுவில் இருப்பதே அபூர்வம் என்பதால் இதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

அசல் அளவையும் தாண்டிப் பெரிதாக்கினால் மேட் பரப்பே மங்கி, சொரசொரப்பு மட்டும் தெரியும். அதற்கு நடுவில் தெளிந்த கண்ணாடியும் குறுக்குக்கோடும் உள்ள ஸ்க்ரீன் (நிக்கானில் 'எம்') வேண்டும். இதில் மங்கலைப் பார்த்து ஃபோகஸ் செய்ய முடியாது. முதலில் கண்வில்லையைத் திருத்திக் குறுக்குக்கோட்டைக் கூர்மையாக்குங்கள். பிறகு கண்ணை இடவலமாக மெல்ல அசையுங்கள். கோடும் பூச்சியும் ஒன்றோடொன்று ஒட்டியபடி நகர்ந்தால் ஃபோகஸ் சரி. ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் தவறு. பழக ஒரு வாரமாவது ஆகும், ஸ்டாண்டும் கட்டாயம். கையில் பிடித்து எடுப்பவருக்கு இது வேண்டாம்.

வாங்கும் முன் இரண்டைப் பாருங்கள்: உங்கள் மாடலில் ஸ்க்ரீன் கழற்றக்கூடியதா, மாற்றினால் லைட் மீட்டர் கணக்கு மாறுமா. மீட்டர் ஸ்க்ரீன் வழியே அளக்கும் கேமராக்களில் திருத்தம் தேவைப்படலாம்.

எந்த ஸ்க்ரீனானாலும், பிம்பத்தின் அளவை முதலில் லென்ஸின் ஃபோகஸ் வளையத்தில் வைத்துவிட்டு, கேமராவையே முன்பின் நகர்த்தி ஃபோகஸ் பிடியுங்கள். அசல் அளவில் எஃப்/8 வைத்தாலும் கூர்மை ஏறக்குறைய 1 மி.மீ. ஆழத்துக்குத்தான்.