பல் டாக்டரும் யானைத் தந்தமும்

கேள்வி: 'தந்தம்', 'டென்டிஸ்ட்' இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கின்றனவே, எது எதிலிருந்து வந்தது? – வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: ஒன்றிலிருந்து ஒன்று வரவில்லை, இரண்டுக்கும் பாட்டன் ஒருவர்: லத்தீனுக்கும் சமஸ்கிருதத்துக்கும் முந்திய மூலமொழிச் சொல். லத்தீனில் பல்லுக்கு 'டென்ஸ்'. வேற்றுமை உருபு ஏறும்போது அது 'டென்ட்' ஆகும், நம் 'மரம்' 'மரத்தை' ஆவதுபோல. அந்த அடியோடு தொழில் செய்பவரைக் குறிக்கும் விகுதி சேர்ந்து பிரெஞ்சில் 'டான்டிஸ்த்' ஆனது. பியேர் ஃபோஷார் என்ற பிரெஞ்சுக்காரர் 1728இல் வெளியிட்ட பல் மருத்துவ நூலின் தலைப்பிலேயே அந்தச் சொல்லை வைத்தார், 'அறுவை மருத்துவர்' என்பதோடு சேர்த்து. இங்கிலாந்தில் அப்போது இந்த வேலை செய்தவருக்கு 'பல் பிடுங்குகிறவர்' என்றுதான் பெயர். 18ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் புதுச்சொல் அங்கே நடமாடத் தொடங்கியது.

சமஸ்கிருதத்தில் 'தந்த' என்றால் எந்தப் பல்லும்தான். தமிழில் அது பெரும்பாலும் யானையோடு நின்றுவிட்டது. அதிலும் பிழையில்லை: 'யானைக் கொம்பு' என்று நாம் சொன்னாலும் அது கொம்பே அல்ல, மேல்வரிசை வெட்டுப்பல் நீண்டு வளர்ந்தது. ஆங்கில 'டூத்'தும் இதே வேர்தான். நடுவிலிருந்த 'ன்' உதிர்ந்துபோனது. நம் 'பல்' மட்டும் வேறு குடும்பம். ஓசூர்ப் பக்கம் கன்னடத்தில் 'ஹல்லு', தெலுங்கில் 'பன்னு' என்று கேட்டிருப்பீர்களே, அவைதான் அதன் உடன்பிறப்புகள்.

கேள்வி: பற்பொடி, பற்பசை என்று சேர்த்து எழுதுகிறோம். பல் மருத்துவரை மட்டும் ஏன் பிரித்து எழுதுகிறோம்? – ஆசிரியை, பாலக்கோடு

பதில்: புணர்ச்சி விதிப்படி சேர்த்தால் 'பன்மருத்துவர்' ஆகும். லகரத்தின் பின் மகரம் வந்தால் லகரம் னகரமாகும்: கல் + மலை, கன்மலை. ஆனால் 'பன்முகம்' பழகிய கண்ணுக்குப் 'பன்மருத்துவர்' என்றால் பல மருத்துவர்கள் என்றே படும். பொருள் கெடாமல் இருக்கப் பிரித்து எழுதுவதே சரி. பின்னால் 'ப' வரும் பற்பொடிக்கு அந்தக் குழப்பம் இல்லை.

கேள்வி: மகளின் தெற்றுப்பல்லுக்கு 'ஆர்த்தோ' டாக்டரைப் பாருங்கள் என்றார்கள். அவர் எலும்பு டாக்டர் அல்லவா? – வாசகர், பென்னாகரம்

பதில்: கிரேக்கத்தில் 'ஆர்த்தோ' என்றால் நேரான என்று பொருள், எலும்பு என்பதில்லை. எலும்பு டாக்டரின் 'ஆர்த்தோபீடிக்ஸ்' 1741இல் பிரான்சில் நிக்கோலா ஆண்ட்ரி உருவாக்கிய சொல், குழந்தையின் உடலை நேராக்குவது என்ற பொருளில். பல்லை நேராக்கிக் கம்பி கட்டுபவர் 'ஆர்த்தோடான்டிஸ்ட்'. போர்டில் 'டான்ட்' என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அது கிரேக்கத்தில் பல்; மேலே சொன்ன அதே பாட்டனின் இன்னொரு பேரன். 'எண்டோ' பல்லுக்குள்ளே: வேர் சிகிச்சை செய்பவர். 'பெரியோ' பல்லைச் சுற்றி: ஈறு பார்ப்பவர்.

நம் மாவட்டங்களில் ஃபுளூரைடு தண்ணீரால் வரும் பழுப்புக் கறைக்குக் கம்பி கட்டுபவரிடம் போக வேண்டாம். கறை எனாமலுக்குள்ளேயே இருப்பதால் பொடி போட்டுத் தேய்த்தால் பல்தான் தேயும். நம் நாட்டில் வேர் சிகிச்சையும் பல் சீரமைப்பும் ஒரே துறை என்பதால், அதற்கு எண்டோடான்டிஸ்ட்டைப் பாருங்கள்.