உத்பல் தத்: கேட்டவையும் சொன்னவையும்

'தில்லுமுல்லு'வில் தேங்காய் சீனிவாசன் செய்த வேடத்தை இந்தியில் செய்தவர் பெரிய நாடகக்காரராமே, நிஜமா சார்?

நிஜம்தான். 1979-ல் வந்த 'கோல்மால்' படத்தின் மீசைப் பைத்தியம் பிடித்த முதலாளி உத்பல் தத். நமக்கு அவர் சிரிப்பு நடிகர். கல்கத்தாவில் கேட்டால் முதலில் மேடையைத்தான் சொல்வார்கள். சினிமாக் காசு நாடகக் குழுவை ஓட்டத்தான் உதவியது.

ஆரம்பத்தில் ஆங்கிலத்தில் நடித்தாராமே?

ஆமாம். 1929-ல் பிறந்தவர். செயின்ட் சேவியர் கல்லூரியில் ஆங்கிலம் படித்தார். ஜெஃப்ரி கெண்டலின் ஷேக்ஸ்பியர் குழுவோடு ஊர் ஊராகப் போனார். (கெண்டல் பின்னாளில் சசி கபூரின் மாமனார்.) ஆங்கிலத்தில் போட்டால் யார் வருவார்கள்? அதனால் சீக்கிரமே வங்காள மொழி நாடகத்துக்கு வந்துவிட்டார்.

ஜெயிலுக்கும் போனாராமே, நாடகம் போட்டதற்கா?

1965-ல் கல்கத்தாவின் மினர்வா தியேட்டரில் 'கல்லோல்' நாடகம் போட்டார். 1946-ல் இந்திய மாலுமிகள் வெள்ளைக்காரனை எதிர்த்துச் செய்த கடற்படைக் கலகம்தான் கதை. மாலுமிகளைக் காங்கிரஸ் தலைவர்கள் கைவிட்டார்கள் என்று மேடையில் சொன்னார். மாநிலத்தில் அப்போது காங்கிரஸ் ஆட்சி. பத்திரிகைகள் விளம்பரம் வாங்க மறுத்தன. ஒளியமைப்பாளர் தாபஸ் சென் 'கல்லோல் ஓடுகிறது, ஓடும்' என்று சுவரொட்டி ஒட்டவைத்தார். அந்த ஆண்டே தத்தைப் பிடித்து, விசாரணையே இல்லாமல் மாதக்கணக்கில் உள்ளே வைத்தார்கள். நாடகம் நிற்கவில்லை.

அப்படியானால் வெறும் பிரச்சாரம்தானே?

பிரச்சாரகன் என்று தன்னைத் தானே சொல்லிக்கொண்டவரிடம் இதைக் குற்றமாகச் சொல்லி என்ன பயன்! நிஜத்தில் மாலுமிகள் சரணடைந்தார்கள். 'கல்லோல்' நாடகத்தில் கலகக்காரர்களின் கைபர் என்ற கப்பல் சரணடையாது. தெரிந்தேதான் மாற்றினார். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஆனால் பிரச்சாரம் என்றால் நோட்டீஸ் வாசிப்பது என்று நினைக்காதீர்கள். 1959-ல் 'அங்கார்' நாடகத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுவதைத் தாபஸ் சென் விளக்கை வைத்தே காட்டினார். இசை ரவிசங்கர்.

ஒரே ஒரு நாடகம் படிப்பதென்றால்?

'டினேர் தலோவார்', அதாவது தகர வாள். 1971. கதை நடப்பது 1876-ல், வெள்ளைக்காரன் நாடகத் தடைச் சட்டம் கொண்டுவந்த வருஷம். ராத்திரியில் குழுத் தலைவர் பேணிமாதவ் குடித்துவிட்டு சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருப்பார். சாக்கடைக் குழிக்குள்ளிருந்து ஒரு துப்புரவுத் தொழிலாளி அவர்மேல் கழிவை வீசுவான். தகர வாளைச் சுழற்றும் உன் ராஜா கதை எனக்கு எதற்கு என்பதுதான் அவன் கேள்வி. பேணிமாதவ் உடனே திருந்திவிடவில்லை. காசுக்காகப் பணக்கார பாபுவுக்கு வளைவார், தான் தேர்ந்தெடுத்துப் பழக்கிய காய்கறிக்காரப் பெண்ணையே அவனுக்கு விட்டுக்கொடுப்பார். கடைசியில் ஆங்கிலேய அதிகாரி முன்னால் உட்கார்ந்திருக்க, ஆடிக்கொண்டிருந்த கேலி நாடகத்தை நடுவிலேயே விட்டுவிட்டு, 1831-ல் வெள்ளைக்காரனை எதிர்த்துக் கிளர்ச்சி செய்த தீத்துமீரின் வசனத்தை முழங்குவார். பேணிமாதவாக நடித்தவரும் தத்தேதான்.

சினிமாவில் எதைப் பார்க்கலாம்?

'புவன் ஷோம்' (1969). தேசிய விருது வாங்கித் தந்தது. அப்புறம் சத்யஜித் ராயின் 'அகந்துக்' (1991). தத் இறந்தது 1993 ஆகஸ்டில்.