வீட்டுக் காற்றில் என்ன இருக்கிறது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்களுக்கு எட்டு வயதில் ஒரு மகளும் மூன்று வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். அவர்கள் படுக்கும் அறையின் சுவரில்தான் வைஃபை ரவுட்டர் மாட்டியிருக்கிறது. என் அக்கா அனுப்பிய சில காணொளிகளைப் பார்த்ததிலிருந்து என் மனைவி இரவில் அதை அணைத்துவிடுகிறாள். உலக சுகாதார நிறுவனமே இதைப் புற்றுநோய்க் காரணி என்று அறிவித்துவிட்டதாக அக்கா சொல்கிறார். கதிர்வீச்சைத் தடுக்குமாம் என்று ஒரு கைவளையத்தையும் வாங்கி மகளுக்குப் போட்டுவிட்டிருக்கிறார். நான் எல்லாவற்றையும் சிரித்துத் தள்ளினேன். வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. போன வாரம் மகள், "அப்பா, நம்ம வீட்டுக் காத்துல விஷம் இருக்கா?" என்று கேட்டாள். இதில் எது உண்மை, எது மிகை?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

இந்த அச்சத்தில் ஒரு பங்கை நம் மொழிப் பழக்கமே உண்டாக்குகிறது என்று நினைக்கிறேன். எக்ஸ் கதிருக்கும் அணு உலைக்கும் ரவுட்டருக்கும் 'கதிர்வீச்சு' என்ற ஒரே சொல்லை எழுதுகிறோம். அவசரத்தில் சிலர் அதையே 'கதிரியக்கம்' என்றும் எழுதிவிடுகிறார்கள். கதிரியக்கம் என்பது நிலையற்ற அணுக்கரு சிதைவது. ரவுட்டரில் எதுவும் சிதைவதில்லை. அதிலிருந்து வருவது வானொலி அலையின் இனத்தைச் சேர்ந்தது. எக்ஸ் கதிர் ஒரு மூலக்கூறிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெறிந்து மரபணுவையே உடைக்க வல்லது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலையின் ஒரு துகளிடமோ (அலை ஆற்றலைச் சுமந்து வரும் மிகச் சிறிய அலகிடமோ), அதற்குத் தேவையான ஆற்றலில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் உண்டு. துகள்கள் எத்தனை கோடி வந்தாலும் அவை கூடி அந்த வேலையைச் செய்வதில்லை; திசுவைச் சற்றே சூடாக்குகின்றன. ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டிருப்பது இந்தச் சூடு மட்டுமே. பன்னாட்டு வரம்புகளும் அதை வைத்தே வகுக்கப்பட்டவை: பொதுமக்களின் முழு உடலுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.08 வாட். தீங்கு தொடங்கக்கூடும் என்று கொள்ளப்பட்ட அளவில் இது 50-இல் ஒரு பங்கு.

ஆனாலும் உங்கள் அக்கா இட்டுக்கட்டிப் பேசவில்லை. 2011 மே மாதம், உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, இவ்வகை அலைகளை '2பி' பிரிவில், அதாவது புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் உள்ளவை என்ற பட்டியலில் சேர்த்தது உண்மை. கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. சான்று எவ்வளவு வலுவானது என்பதை மட்டுமே இந்தப் பிரிவுகள் சொல்கின்றன; ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அவை அளப்பதில்லை. அம்முடிவுக்குக் காரணமான தரவுகளும் கைபேசியைக் காதோடு ஒட்டிப் பல ஆண்டுகள் பேசியவர்களைப் பற்றியவை. அவற்றுள் முக்கியமானது 2010-இல் வெளியான, 13 நாடுகளில் நடந்த 'இன்டர்ஃபோன்' ஆய்வு. மிக அதிகமாகப் பேசிய பத்து விழுக்காட்டினரிடம் ஒருவகை மூளைக்கட்டி கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் வழக்கமாகப் பேசுவோர் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், பேசாதவர்களைவிட அவர்களுக்கு ஆபத்து குறைவு என்றது அதே ஆய்வு. கைபேசி மூளையைக் காக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே நோயாளிகளின் நினைவை நம்பித் தரவு திரட்டியதில் ஏதோ கோணல் இருக்கிறது என்றே பலரும் கருதினார்கள்.

அதன் பிறகு வந்தவற்றைக் காணொளிகள் பெரும்பாலும் சொல்வதில்லை. 14 நாடுகளில், 10 முதல் 24 வயது வரையிலானவர்களில் மூளைக்கட்டி வந்த சுமார் 900 பேரை ஆராய்ந்த 'மொபிகிட்ஸ்' ஆய்வு, கைபேசியால் அது வந்தது என்பதற்குச் சான்று காணவில்லை. உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் 63 ஆய்வுகளைத் தொகுத்து 2024-இல் வெளியான மதிப்பீடும் அதே முடிவுக்குத்தான் வந்தது.

இனி உங்கள் மனைவியின் பக்கம். அவரது கவலையைச் சிரித்துத் தள்ளியிருக்கக் கூடாது என்பது என் எண்ணம். 2011-இன் அதே அறிக்கை, கைபேசியைக் காதில் வைக்கும்போது பெரியவர்களை ஒப்பிடக் குழந்தையின் மூளையில் சராசரியாக இரண்டு மடங்கும், மண்டையோட்டு மஜ்ஜையில் பத்து மடங்கு வரையும் ஆற்றல் கூடுதலாகச் சேரலாம் என்கிறது. பிள்ளைகளின் மண்டையோடு மெல்லியது, திசுக்களில் நீர் அதிகம். பத்து வயதுக்குட்பட்டவர்களை 'மொபிகிட்ஸ்' ஆய்வு சேர்க்கவும் இல்லை. பிரிட்டனில் 2000-இல் ஒரு நிபுணர் குழு, அவசியமற்ற கைபேசிப் பேச்சைப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டும் என்றது. பிரான்சு 2015-இல் மூன்று வயதுக்குட்பட்டோரின் காப்பகங்களில், அவர்கள் இருக்கும் அறைகளில் வைஃபையைச் சட்டத்தால் தடுத்தது. தீங்கு நிரூபணமானதால் அல்ல, முன்னெச்சரிக்கையாகவே இவற்றைச் செய்தார்கள். முன்னெச்சரிக்கைக்கு அதற்குரிய இடம் உண்டு. அது வீட்டில் பேச்சை நிறுத்தும் அளவுக்குப் பெரிய இடம் அல்ல.

எனக்கு உறுத்துவது, அந்த முன்னெச்சரிக்கை தவறான பொருளின் மீது செலவாகிறதே என்பதுதான். தூரம் இரு மடங்கானால் அலையின் வலு கால் பங்காகிறது; 30 செ.மீ. தொலைவில் இருந்ததை 3 மீட்டருக்கு நகர்த்தினால் நூறில் ஒரு பங்கு. பொதுவாக 0.1 வாட் அளவில் இயங்கி, சுவரில் தள்ளி நிற்கும் ரவுட்டரைவிட, 0.2 வாட் வரை உமிழக்கூடிய, காதையோ மடியையோ தொட்டுக்கொண்டிருக்கும் கைபேசிதான் உடலுக்கு அதிகம் தருகிறது. சிக்னல் குறையக் குறைய, கோபுரத்தை எட்டுவதற்காக அது தன் சக்தியைக் கூட்டிக்கொள்ளவும் செய்கிறது. 2011-இல் அந்தச் செய்தியைப் படித்த இரவே நானும் என் மகன் அறையிலிருந்த ரவுட்டரை வீட்டின் மறுகோடிக்கு மாற்றினேன். அறையில் வைஃபை கிடைக்காமல் போகவே, அவன் கைபேசியைக் கோபுரத்தின் இணைப்பில் வைத்து, மார்பின் மேல் போட்டுக்கொண்டு படம் பார்த்தான். பல நாள் கழித்துத்தான் எனக்கு அது உறைத்தது.

ஆகவே ரவுட்டரை இரண்டு மீட்டர் தள்ளி, கூடத்தில் மாட்டிவிடுங்கள். அத்துடன் அந்த விவாதம் முடியட்டும். மகள் தொலைபேசியில் பேசினால் ஸ்பீக்கரில் பேசட்டும். படம் பார்ப்பதானால் தரவிறக்கி, ஃப்ளைட் மோடில் போட்டுக் கொடுங்கள். மகனின் வயதினருக்குத் திரை நேரம் நாளுக்கு ஒரு மணிக்குள் இருக்க வேண்டும் என்றும், உறக்கம் 10 முதல் 13 மணி நேரம் வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வகுத்திருக்கிறது. இதற்கான காரணம் அலைகள் அல்ல, அசையாமல் உட்கார்ந்திருப்பதும் உறக்கம் கெடுவதும். உங்கள் மனைவி இரவில் ரவுட்டரை அணைப்பதால் வீட்டில் எல்லோரும் சீக்கிரம் தூங்குகிறீர்கள் என்றால், அணைப்பதையே தொடருங்கள்.

மகளின் கேள்விக்கு, இல்லை என்று நேராகப் பதில் சொல்லுங்கள். வானொலியில் பாட்டு வருவதும் இதே இன அலையால்தான் என்று காட்டினால் எட்டு வயதுப் பிள்ளைக்குப் புரியும்.

அந்தக் கைவளையத்தை மட்டும் இன்றே கழற்றிவிடுங்கள். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுசக்திப் பாதுகாப்பு ஆணையம், அலைகளிலிருந்து காப்பதாகச் சொல்லி விற்கப்பட்ட பத்துப் பொருட்களில் கதிரியக்கப் பொருள் இருப்பதைக் கண்டறிந்து, அவற்றை அணிய வேண்டாம் என்று எச்சரித்தது. அந்தப் பத்தில் ஒன்று குழந்தைகளுக்கான கைவளையம். நான் முதலில் சொன்ன இரண்டு சொற்களில், அங்கே இருந்தது இரண்டாவது.