கட்சி கார்டு இல்லைன்னா போதுமா?

கேள்வி: ஹிட்லர் ஆட்சியில அதிகாரியா இருந்த ஹான்ஸ் குளோப்கே நாஜி கட்சி உறுப்பினரே கிடையாது. மேலிடம் சொன்னதை எழுதிக் கொடுத்தார், வேற வழி? பிறகு மேற்கு ஜெர்மனிக்காக உழைச்சவரை ஏன் இன்னும் குறை சொல்றீங்க?

பதில்: உறுப்பினர் இல்லைங்கறது சரி, ஆனா 1940-ல அவரே சேரணும்னு விண்ணப்பம் போட்டார், முன்னாடி கத்தோலிக்கர்களோட கட்சியில இருந்தவர்ங்கறதால நாஜிங்கதான் வேண்டாம்னுட்டாங்க. இதையும் சேர்த்துச் சொல்லுங்க.

1935-ல யூதர்களோட குடியுரிமையைப் பறிச்ச நியூரம்பெர்க் சட்டங்கள் வந்துச்சு. சட்டம்னா சில பத்திதான், ஊர்ல உட்கார்ந்திருக்கற பதிவாளருக்கும் நீதிபதிக்கும் அதை யார் மேல எப்படிப் பிரயோகிக்கறதுன்னு தெரியணும்ல, அதுக்குத்தான் 1936-ல உள்துறை உயரதிகாரி வில்ஹெல்ம் ஸ்டுக்கார்ட்டும் இவரும் சேர்ந்து விளக்கவுரை எழுதினாங்க, தாத்தா பாட்டி நாலு பேர்ல எத்தனை பேர் யூதர்னு எண்ணி மனுஷனைத் தரம் பிரிக்கற வேலை அது. உள்துறை அமைச்சகத்துல பேர் விவகாரம் இவர் மேஜையிலதான் இருந்துச்சு. பேரைப் பார்த்ததும் யூதர்னு தெரியலைன்னா ஆம்பளைங்க 'இஸ்ரேல்'னும் பொம்பளைங்க 'சாரா'ன்னும் 1939 ஜனவரி 1-லேர்ந்து சேர்த்துக்கணும்னு ஆணை. அப்பா அம்மா ஆசையா வச்ச பேர் பக்கத்துல அரசாங்கம் ஒட்டின முத்திரை! எனக்கு இதை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது.

உள்ளே இருந்து கடுமையைக் குறைச்சேன், சர்ச்சுக்குத் தகவல் கொடுத்தேன்னு பிறகு சொன்னார், அதை முழுப்பொய்னு நான் சொல்லல. ஆனா கூட எழுதின ஸ்டுக்கார்ட்டை 1949-ல நியூரம்பெர்க்ல நடந்த போர்க்குற்ற விசாரணையில குற்றவாளின்னாங்க, இவர் அங்கே வெறும் சாட்சி, அதே வருஷம் மேற்கு ஜெர்மனி தலைநகர் பான்ல, ஆட்சித் தலைவரான சான்சலர் அடனாவர் அலுவலகத்துக்குள்ள போயிட்டார், 1953-லேர்ந்து 1963 வரை அதுக்குத் தலைமைச் செயலாளர். ஃபிரிட்ஸ் பாவர்னு ஒரு அரசு வழக்கறிஞர் இவரை விசாரிக்க ஆரம்பிச்சார், கேஸை பானுக்கு மாத்தி மூடிட்டாங்க. கிழக்கு ஜெர்மனி 1963-ல இவர் இல்லாமலே ஆயுள் தண்டனை கொடுத்துச்சு, அதுல அரசியல் இருந்துச்சு, ஒத்துக்கறேன்.

வேற வழின்னு கேட்டீங்களே. பிராண்டன்பர்க்ல லோத்தர் கிரைசிக்னு ஒரு நீதிபதி, சட்டப்படி தன் பொறுப்புல இருந்த மனநோயாளிங்க வரிசையா சாகறதைக் கவனிச்சு, அரசாங்கமே கொல்லுதுன்னு புரிஞ்சுக்கிட்டு 1940-ல நீதி அமைச்சருக்கே லெட்டர் எழுதினார், என் அனுமதி இல்லாம யாரையும் வேற இடத்துக்கு மாத்தக் கூடாதுன்னு மருத்துவமனைகளுக்கு உத்தரவும் போட்டார், ஃபியூரரோட, அதாவது ஹிட்லரோட, விருப்பமே சட்டம்னு ஏத்துக்க முடியலைன்னா நீதிபதியா இருக்க முடியாதுன்னு அமைச்சர் சொன்னப்பவும் அசையல. லீவுல அனுப்பினாங்க, 1942-ல ஓய்வு கொடுத்தாங்க. சுடல, ஜெயில்ல போடல, 1986 வரைக்கும் இருந்தார்.