சூலு ஆட்டு மந்தைக்கு டோர்ப்பர் கிடா போடலாமா?

கேள்வி: ஐயா, தென்னாப்பிரிக்காவில் டொங்காட் பக்கம் கரும்புக்காட்டை ஒட்டிய நிலத்தில், இந்த ஊர்ச் செம்மறி இனமான சூலுவில் 30 பெட்டை ஆடுகளும் ஒரு கிடாவும் வைத்திருக்கிறேன். கிடா வந்து நாலு வருஷம் ஆகிறது. ஆரம்பத்தில் நல்ல குட்டிகள். இப்போது சிறுத்துப் பிறக்கின்றன, சில பெட்டைகள் சினையே பிடிப்பதில்லை. "இனமே தேய்ந்துவிட்டது, கறிக்கு வளர்க்கும் டோர்ப்பர் செம்மறிக் கிடா போடு" என்கிறார்கள். போடலாமா? அதற்கு முன் டி.என்.ஏ. பரிசோதனை தேவையா?

பதில்: டோர்ப்பரை இப்போது வாங்காதீர்கள். சூலு ஆட்டில் குறை இல்லை. உங்கள் பட்டிக்குள் உறவு நெருங்கிவிட்டதாகவே தோன்றுகிறது.

முதலில் குடற்புழுவைப் பாருங்கள். கண் இமையின் உள்நிறத்தை வைத்து ரத்தசோகை பார்க்கும் ஃபமாச்சா அட்டை தென்னாப்பிரிக்காவிலேயே உருவானது, கால்நடை மருத்துவரிடம் கிடைக்கும். இமை வெளுத்திருந்தால் மருந்து கொடுத்து, தீனியையும் சரிசெய்யுங்கள். அதன் பிறகும் குட்டிகள் சிறுத்தே பிறந்தால் காரணம் பெரும்பாலும் கிடாதான்.

பெட்டைக்குட்டி ஏழெட்டு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். நாலு வருஷமாக ஒரே கிடா என்றால், அது தன் மகள்களோடும் அந்த மகள்களுக்குத் தன் மூலம் பிறந்தவற்றோடும் சேர்ந்திருக்கும். அப்பன்-மகள் சேர்க்கையில் பிறக்கும் குட்டிக்கு உள்ளினச்சேர்க்கை (நெருங்கிய உறவுக்குள் சேர்வது) அளவு 25 சதவீதம். அந்தக் குட்டியோடும் அதே கிடா சேர்ந்தால் 37.5 சதவீதம். மறைந்திருக்கும் குறைகள் இரண்டு பக்கமிருந்தும் ஒன்றுகூடி வெளிப்படும் நிலை இது. குட்டியின் எடை, பிழைக்கும் திறன், சினை பிடிப்பது, மூன்றும் இதில்தான் முதலில் அடிபடும்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். மரபணு அளவில் 30 பெட்டையும் ஒரு கிடாவும் சேர்ந்து கிட்டத்தட்ட 4 ஆடுகளுக்குத்தான் சமம். கிடாவை மூன்றாக்கினால் அது 11 ஆகும். பெட்டைகளை எவ்வளவு கூட்டினாலும் இந்த எண் அவ்வளவாக உயராது, ஏனென்றால் பட்டியின் பாதி மரபு கிடா வழியாகத்தான் வருகிறது. ஓர் இனம் நீடிக்க இந்த எண் குறைந்தது 50 இருக்கவேண்டும் என்று ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு சொல்கிறது. தனி ஆளால் முடியாத காரியம். அதனால் சூலு ஆடு வளர்க்கும் நாலைந்து பேர் சேர்ந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு பட்டியில் பிறக்கும் நல்ல கிடாக்குட்டி எப்போதும் அடுத்த பட்டிக்கே போகட்டும், கடைசிப் பட்டியுடையது முதல் பட்டிக்கு வரட்டும். எந்தக் கிடாவும் ஒரு பட்டியில் இரண்டு வருஷத்துக்கு மேல் வேண்டாம்.

கிடாவைப் பக்கத்து வீட்டில் எடுக்காதீர்கள். ஒரே சந்தையில் வாங்கிய இரண்டு மந்தைகள் வேலிக்கு இரு பக்கமும் ஒரே குடும்பமாக இருக்கும். எம்பாங்கேனி பக்கமோ, அதற்கும் வடக்கே மக்காத்தினி பக்கமோ கிராம மந்தைகளில் தேடுங்கள். பல நிறம், பருமனும் மெலிவுமாகப் பல வகை வால், சிலவற்றுக்கு எலிக்காது போலச் சின்னக் காது என்று அங்கே கலவையாக இருக்கும். அதுதான் உங்களுக்கு வேண்டிய செல்வம். ஒரே நிறமாக வேண்டும் என்றோ, காது சின்னதாக இருக்கிறது என்றோ நல்ல ஆட்டைக் கழிக்காதீர்கள்.

அப்புறம், நம்மவர்கள் பலரிடம் பார்க்கும் ஒரு பழக்கம். புரட்டாசி விரதம் முடிந்ததும் தீபாவளிக்கு மட்டன் கேட்டு ஆள் வரும். பட்டியில் நன்றாகத் திரண்ட கிடாக்குட்டிதான் முதலில் விலைபோகும். விற்காமல் மிஞ்சியதே பிறகு பொலிகிடா ஆகிறது. இது வருஷாவருஷம் தேர்வைத் தலைகீழாகச் செய்வது. புரட்டாசி பிறக்கும் முன்பே சிறந்த இரண்டு மூன்று கிடாக்குட்டிகளுக்குக் காதில் அடையாளம் போட்டு ஒதுக்கிவிடுங்கள். எவ்வளவு விலை கேட்டாலும் அவற்றைக் கொடுக்காதீர்கள்.

டோர்ப்பர் நல்ல ஆடுதான். 1930களில் டார்செட் ஹார்னையும் கருந்தலைப் பாரசீக ஆட்டையும் சேர்த்து, வறண்ட பகுதிகளுக்காக உருவாக்கிய இனம். உங்கள் கடற்கரையோர ஈரத்தில் புழுவும் உண்ணியும் அதிகம்; அங்கேயே தலைமுறை தலைமுறையாகத் தாக்குப்பிடித்தது சூலு ஆடு. முதல் கலப்புக் குட்டி பெருத்து வளர்வதைப் பார்த்து ஆசை வரும். கலப்புப் பெட்டையையே வைத்து மறுபடி மறுபடி டோர்ப்பர் சேர்த்தால், மூன்றாவது தலைமுறையில் சூலு ரத்தம் எட்டில் ஒரு பங்குதான். அதைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். கறிக்காகக் கட்டாயம் வேண்டுமென்றால் வயதான, உடல் பெருத்த பத்துப் பெட்டைகளுக்கு மட்டும் போட்டு, பிறக்கும் குட்டிகள் அத்தனையையும் விற்றுவிடுங்கள். முதல் ஈற்றுப் பெட்டைக்கு வேண்டாம், குட்டி பெரிதாகிப் பிரசவம் சிக்கலாகும்.

டி.என்.ஏ. பரிசோதனை உங்களுக்கு இப்போது தேவையில்லை. 50,000க்கு மேற்பட்ட மரபணு இடங்களை ஒரே சில்லில் (சிப்) பார்க்கும் வசதி ஆடுகளுக்கும் உண்டு. எந்த மந்தை எதோடு கலந்திருக்கிறது, எது தனியாக நிற்கிறது என்று ஓர் இனத்தின் அமைப்பை ஆய்வாளர்கள் அதில் காண்கிறார்கள். உங்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்: குட்டியின் காதுக்குறி, தாய், தகப்பன், பிறந்த தேதி. பல்கலைக்கழகத்திலிருந்து யாராவது ரத்த மாதிரி கேட்டு வந்தால் மட்டும் தாராளமாகக் கொடுங்கள்.

வடக்கே கிடா எடுப்பதில் ஒரு எச்சரிக்கை. 2021 முதல் அந்தப் பக்கம் கோமாரி நோய் தலைகாட்டியதால் கால்நடைகளை நகர்த்தக் கட்டுப்பாடு உண்டு. அரசுக் கால்நடை மருத்துவரிடம் கேட்ட பிறகே விலை பேசுங்கள். விரை வீக்கம் உண்டாக்கும் புருசெல்லா ஓவிஸ் கிருமிக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். வந்த கிடாவை 28 நாள் தனியே கட்டி, புழு மருந்து கொடுத்து, அதன் பிறகு பட்டியில் விடுங்கள். பழைய கிடா அன்றைக்கே வெளியேறட்டும்.