வேப்பிலை அடித்தும் உண்ணி விழவில்லையே, ஏன்?

கேள்வி: ஐயா, வணக்கம். திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் ஊர். வீட்டில் ஒரு உம்பளாச்சேரிப் பசு, இரண்டு ஜெர்சி கலப்பின மாடுகள். கலப்பினம் இரண்டிலும் உண்ணி அப்பிக் கிடக்கிறது. கடை மருந்து முன்பு மாதிரி கேட்கவில்லை. வேப்பிலையை அரைத்து இரண்டு நாள் தெளித்தோம், ஒன்றுகூட விழவில்லை. மூலிகை என்று சொல்வதெல்லாம் சும்மாதானா?

பதில்: சும்மா இல்லைங்க. வேம்பு என்ன வேலை செய்யும் என்று தெரியாமல் வேறொன்றை எதிர்பார்த்துவிட்டீர்கள், அவ்வளவுதான். வேம்பில் இருக்கிற அசாடிராக்டின், அடித்த மாத்திரத்தில் உண்ணியைச் சுருட்டிப் போடுகிற சரக்கு கிடையாது. உண்ணிக் குஞ்சுகள் தோலுரித்து வளர்வதைத் தடுக்கும், தாய் உண்ணி முட்டையிடுவதைக் கெடுக்கும். அதனால் மறுநாள் காலையில் மாட்டின் காதைப் புரட்டிப் பார்த்தால் எல்லாம் அப்படியே ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். இன்னொன்று, அந்தச் சத்து இலையில் குறைவு, கொட்டைக்குள் இருக்கும் பருப்பில்தான் அதிகம். ஆனி, ஆடியில் உதிர்கிற பழத்தைப் பொறுக்கிச் சதையைக் கழுவி, கொட்டையை நிழலில் உலர்த்தி வையுங்கள். ஈரத்தோடு சாக்கில் கட்டிப் போட்டால் பூஞ்சை பிடித்து வீணாகிவிடும். வெயில் பட்டாலும் வீரியம் போய்விடும்.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் சொல்லும் மூலிகைக் கலவை ஒன்று இருக்கிறது. பூண்டு 10 பல், வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், வேப்பிலை, வேப்பம்பழம், துளசி, உண்ணிச்செடி இலை ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி, எல்லாவற்றையும் அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி, துணியில் வடிகட்டி, மாட்டின் உடம்பு முழுக்கத் தெளிக்க வேண்டும். கண்ணில் படக்கூடாது. உண்ணிச்செடியை மாடு தின்றால் ஈரல் கெட்டுப்போகும், அதனால் அரைத்த சக்கையைத் தொட்டிப் பக்கமே கொட்டாதீர்கள்.

வாரம் ஒரு முறை, விடாமல் செய்யுங்கள். நம் மாடுகளில் அதிகம் காண்கிற உண்ணி ஒன்று, குஞ்சாக ஏறி ரத்தம் குடித்து முடிக்கும்வரை ஏறக்குறைய மூன்று வாரம் ஒரே மாட்டிலேயே இருக்கும். பிறகு ஆமணக்குக் கொட்டை மாதிரி உப்பிக் கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலோ சாணக் குழியோரத்திலோ ஒதுங்கி 2000-க்கு மேல் முட்டையிடும். மாட்டுக்கு மட்டும் தெளித்துவிட்டுக் கொட்டகையை விட்டால் அடுத்த மாதம் அத்தனையும் மறுபடி ஏறும். தரை வெடிப்பு, மூங்கில் இடுக்கு, தொட்டியின் அடிப்பக்கம் எல்லாம் நனைய வேண்டும். கையால் பிடுங்கினால் கீழே போடாதீர்கள், விரலால் நசுக்கவும் வேண்டாம், கையுறையோடு எடுத்து மண்ணெண்ணெய்க் குவளையில் போடுங்கள்.

உம்பளாச்சேரிக்கு ஏன் குறைவு என்றால், நாட்டு மாட்டின் உடம்பே உண்ணியை எதிர்க்கும். அந்தப் பசுவை விற்றுவிடாதீர்கள், ஐயா.

கேள்வி: செடியில் இவ்வளவு மருந்து இருக்கிறது என்றால் விஞ்ஞானிகள் அதைப் பிரித்தெடுத்து ஒரே புட்டியில் கொடுத்துவிடலாமே?

பதில்: முயல்கிறார்கள், ஆனால் லேசான வேலை இல்லை. அசாடிராக்டின் அவ்வளவு சிக்கலான மூலக்கூறு. அதை ஆய்வகத்தில் முழுதாகச் செய்துகாட்ட கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே குழுவுக்கு 22 ஆண்டுகள் பிடித்தன, 2007-இல்தான் முடிந்தது. அதனால் இன்றும் விதையிலிருந்துதான் எடுக்க வேண்டும், விதைக்கு விதை அளவு மாறும். ஒரு சாறு வேலை செய்கிறதா என்று சோதிக்க, ரத்தம் குடித்து உப்பிய தாய் உண்ணிகளை அதில் முக்கி எடுத்து, இட்ட முட்டையை எடை போட்டுச் சாறு படாத உண்ணிகளோடு ஒப்பிடுவார்கள். அதில் தேறியது மாட்டின் மேல், வெயிலிலும் மழையிலும் நிற்க வேண்டும், பாலிலும் தங்கக்கூடாது. பல சாறுகள் அங்கேதான் நின்றுபோகின்றன.

ஒன்று மட்டும் பெரிய அளவில் ஜெயித்தது. ஒரு வகைச் சாமந்திப் பூவிலிருந்து வரும் பைரித்ரின் என்கிற பூச்சிக்கொல்லிச் சத்து வெயிலில் சீக்கிரம் சிதையும் என்பதால், அதன் அமைப்பைப் பார்த்து வெயில் தாங்குகிற மாதிரி 1970-களில் செய்தவைதான் நீங்கள் கடையில் வாங்குகிற சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின். அதையே திரும்பத் திரும்ப, அளவு குறைத்தும் கூட்டியும் அடித்ததில் உண்ணி பழகிவிட்டது. செடிச் சாற்றையும் அரைகுறையாக அடித்தால் அதற்கும் பழகலாம்.

கேள்வி: சீத்தாப்பழ விதையும் புகையிலைக் கஷாயமும் நல்லது என்கிறார்களே?

பதில்: சீத்தா விதை உண்ணியைக் கொல்லும், உண்மைதான். ஆனால் கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும், அரைக்கிறவருக்கும் ஆபத்து. புகையிலை வேண்டவே வேண்டாம், நிக்கோட்டின் தோல் வழியாகவே உள்ளே போகும், கன்றுக்குட்டி தாங்காது. அப்புறம், மாட்டுக்குக் காய்ச்சலோடு மூத்திரம் டீத்தண்ணி நிறத்தில் போனாலோ, தோளுக்கு முன்னால் கட்டி மாதிரி வீங்கினாலோ உண்ணி பரப்பிய நோயாக இருக்கலாம். அம்மியைத் தேடாமல் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள்.