மழைநீர்த் தேக்கக் குட்டை வெள்ளம், அழுக்கு இரண்டையும் தடுக்குமா?

வெள்ளத்தைத் தடுக்கக் கட்டும் மழைநீர்க் குட்டையே தண்ணீரின் அழுக்கையும் குறைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். குறைக்கும், ஆனால் தண்ணீர் வெளியேறும் வழியை அதற்கென்றே வடிவமைக்க வேண்டும்.

வெள்ளத்தை மட்டும் நினைத்துக் கட்டினால் வெளியேற்றும் குழாயைப் பெரிதாக வைத்துவிடுவார்கள். பெருமழையின் உச்ச ஓட்டம் குறையும், சரி. ஆனால் சின்ன மழை வந்த வேகத்திலேயே வெளியே போய்விடும். சாலையில் படிந்த எண்ணெய், டயர்த் தூள், மண் எல்லாவற்றையும் பெரும்பாலும் வாரிக்கொண்டு வருவது மழை தொடங்கியதும் ஓடிவரும் முதல் தண்ணீர்தான்.

அதனால் வெளியேற்றத்துக்கு மூன்று மட்டங்கள் வேண்டும். அடியில் சிறு துளை, சின்ன மழையை 24 முதல் 48 மணி நேரத்தில் மெதுவாக வடிக்க. அதற்கு மேலே பெருமழைக்கான பெரிய திறப்பு. எல்லாவற்றுக்கும் மேலே, உபரி நீரை வழியவிட்டுக் கரை உடையாமல் காக்கும் கலிங்கு.

ஏன் இவ்வளவு நேரம்? அழுக்கு அடியில் படியத்தான். 0.01 மி.மீ. வண்டல் துகள் அசையாத நீரில் ஒரு மீட்டர் இறங்கவே ஏறக்குறைய 3 மணி நேரம் ஆகும். 0.002 மி.மீ. களிமண் துகளுக்கு 3 நாள். அதுவரை காத்திருந்தால் கொசு பெருகும், அடுத்த மழைக்கும் இடம் இருக்காது.

கொள்ளளவுக்கு ஒரு கணக்கு: 1 ஹெக்டேர் கான்கிரீட் பரப்பில் 25 மி.மீ. பெய்தால் சுமார் 250 கன மீட்டர் தண்ணீர் வரும்.

அப்புறம், நுழைவாயையும் வெளிவாயையும் எதிரெதிர் முனைகளில் வையுங்கள். நுழைவாயில் தூர்வார வசதியாக ஒரு வண்டல் குழி அவசியம். அந்தச் சிறு துளையை அடைக்க ஒரு பிளாஸ்டிக் பை போதும். துளையைச் சுற்றிலும் கம்பிவலை போட்டு, ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் போய்ப் பாருங்கள்.